ஆனி மாதக் கடற்கரை: மண்டபம் முதல் மணவாளக்குறிச்சி வரை ஏழு நாள்

முதல் நாள்: மண்டபம், பாம்பன்

இந்தக் கரையைப் பார்க்க ஆனி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றில்தான் மன்னார் வளைகுடா தன் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. மணலை வடக்கே நகர்த்துகிறது, உப்பை விளைய வைக்கிறது, தேரி என்னும் செம்மணல் மேடுகளில் புழுதி கிளப்புகிறது, குமரிக் கரையில் கறுப்பு மணலைத் தனியாகப் பிரித்து வைக்கிறது. ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் இதே இடங்கள் வேறு மாதிரி இருக்கும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. உள்ளூரில் தென்கடல், வடகடல் என்பார்கள். இப்போது தென்கடலில் வெள்ளை நுரை சுருண்டு சுருண்டு வருகிறது. வடகடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கிறது. மார்கழியில் வந்தால் இது அப்படியே தலைகீழ். அதனால்தான் நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துத் தொழிலை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டு கடலுக்கும் ஆழத்தில்தான் பெரிய வேறுபாடு. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. மன்னார் வளைகுடா கரையோரம் ஆழம் குறைவாக இருந்தாலும் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலை தடையில்லாமல் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். வடகடலுக்குத் தெற்கே மணல் திட்டு வரிசை, கிழக்கே இலங்கை. வாடை அடிக்கும் மாதங்கள் தவிர மற்ற நாளில் அதற்கு ஒதுக்கிடம் உண்டு.

நீரோட்டத்தை இங்கே நீவாடு என்கிறார்கள். காற்று மாறினால் நீவாடும் மாறும். பாம்பன் கால்வாய்க்குள் அது ஆற்று வெள்ளம்போல ஓடும் நேரம் உண்டு. படகை நேராக விட்டால் தூணில் கொண்டுபோய் மோதிவிடும்.

ரயில் பாலத்தையும் இங்கிருந்தே பார்க்கலாம். 1914-இல் திறந்த பழைய பாலம் ஓய்வுபெற்றுவிட்டது. புதியது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு நேராக மேலே ஏறுகிறது. இரும்புக்கு இதைவிடக் கடுமையான இடம் நாட்டில் அதிகம் கிடையாது. உப்புத் தூவானம் இரும்பின் மேல் விழுகிறது, வெயிலில் காய்கிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது, இரவு ஈரத்தில் மறுபடி கரைகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால்தான் துரு இவ்வளவு வேகமாக ஏறுகிறது. முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் இரும்பைவிட நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் இரும்பு முதலில் போவதும் இதனால்தான்.

இரண்டாம் நாள்: தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே நீளும் மணல் நாக்கு இது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இரவு தங்க அனுமதி இல்லை. தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும், வழியில் நிழல் கிடையாது.

சாலையின் ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல் என்பார்கள். ஆண் கடல் மன்னார் வளைகுடா: கரை செங்குத்தாக இறங்கும், அலை காலை வாரும். பெண் கடல் பாக் விரிகுடா: முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். முனையில் இரண்டும் சேருமிடத்தில் குளிக்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நேரத்திலும் அடியில் இழுப்பு உண்டு. காலடி மணலும் நிலையில்லை, நேற்று திட்டு இருந்த இடம் இன்று ஆள் ஆழமாக இருக்கும்.

முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகள் வரிசையாகப் போகின்றன. திட்டுகளுக்கு இடையே பல இடங்களில் சில மீட்டர் ஆழம்தான். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து மணல் வந்து சேரும், வாடையில் வடக்கிலிருந்து வந்து சேரும். இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளுவதால் நடுவில் திட்டு நிற்கிறது. வடிவமும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் கடல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இந்த நாக்கைத் தாண்டி ஓடியது. ஊரும் ரயிலும் போனது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நிற்கிற இடத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாலே ஏன் போயிற்று என்பது புரியும்: கடல்மட்டத்திலிருந்து ஓரிரு ஆள் உயரம்கூட இல்லை.

இந்த நாளின் முக்கியமான விஷயம் குடிதண்ணீர். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் வெறும் மணல். ஆனால் மூன்று நான்கு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. இங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் குடிப்பது இந்த ஊற்றுத் தண்ணீரைத்தான்.

இதன் கணக்கு எளிது. ஒரு லிட்டர் மழைநீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. அந்த 25 கிராம் வித்தியாசத்தில் மழைநீர் மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிறது. மிதக்கும் பொருள் எதுவானாலும் பெரும்பகுதி அடியில்தான் இருக்கும். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நின்றால், கீழே சுமார் 40 பங்கு நிற்கும். அதாவது ஊற்றில் நீர்மட்டம் கடலைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் அடியில் சுமார் 4 மீட்டர் நன்னீர் இருக்கலாம். அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: இறைத்து மேல்மட்டத்தை 5 சென்டிமீட்டர் இறக்கினால், கீழே 2 மீட்டர் நன்னீரின் இடத்தை உப்புநீர் பிடிக்கும்.

அதனால்தான் ஊற்றை அகலமாகவும் ஆழமில்லாமலும் தோண்டுகிறார்கள். நன்னீர் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். சிரட்டையாலோ சின்னக் குவளையாலோ மொண்டு ஊற்றி, மறுபடி ஊறும்வரை காத்திருக்கிறார்கள். குடம் நிறைய நேரம் பிடிக்கும். அந்தப் பொறுமைதான் ஊற்றைக் காக்கிறது. மோட்டார் வைத்து ஒரே இடத்தில் இழுத்தால் குழாயின் நேர் கீழே உப்புநீர் கூம்புபோல மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறினால் மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து மேலிருந்து அழுத்த வேண்டும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகள் கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நல்ல தண்ணீராக இருப்பதும் இதே மிதப்பினால்தான்.

விடுதிகள் பெருகிக்கொண்டே போகும் ஒரு தீவில் ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் இந்த நாற்பதுக்கு ஒன்று கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள்: வடகடலில் பாசி

கச்சான் காலத்தில் வடகடல் அமைதியாக இருப்பதால் பாசி வளர்ப்பு முழுவீச்சில் நடக்கிறது. மண்டபம் வடக்குக் கரையிலும் தங்கச்சிமடம் பக்கமும் காலை ஆறு மணிக்குப் போனால் வேலையைப் பார்க்கலாம்.

இங்கே இரண்டு வகைப் பாசித் தொழில் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று இயற்கையாகப் பாறையிலும் பவளத்திலும் வளர்வதைச் சேகரிப்பது: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. முதல் இரண்டிலும் அகர் எடுக்கலாம், கட்டக்கோரையில் ஆல்ஜினேட்; இரண்டும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்கள். இதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிக் கையால் கொய்கிறார்கள். வேரோடு பிடுங்கினால் அந்த இடத்தில் மறுபடி வளராது. அடிப்பகுதியைப் பாறையில் விட்டு மேலே மட்டும் கிள்ள வேண்டும். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர அவகாசம் கொடுக்கும் இந்த ஏற்பாடு, வெளியிலிருந்து யாரும் எழுதிக் கொடுத்த திட்டத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

மற்றது வளர்ப்புப் பாசி. கப்பாஃபைகஸ் என்ற இந்த வகை நம் கடலுக்குச் சொந்தமில்லை; பூர்வீகம் பிலிப்பைன்ஸ். 1990-களின் நடுவில் மண்டபத்தில் சோதனைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னால் பெப்சி நிறுவனம் வணிகமாக வளர்க்க வந்ததால் ஊரில் இதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதிலிருந்து கராஜீனன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து மாத்திரை எல்லாவற்றிலும் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது.

மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. மூலைகளில் குறுக்கே சின்ன மூங்கில் வைத்துக் கட்டினால்தான் அலையில் சதுரம் சாயாது. நடுவில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டு நாற்று. ஒரு துண்டு சுமார் 150 கிராம். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ நாற்று. நாற்றை இறுக்கிக் கட்டினால் தண்டு அறுந்துவிடும், தளர்த்தினால் நழுவிவிடும். சின்ன வளையமாகக் கயிற்றைச் சுற்றி அதற்குள் தண்டை மாட்டுவதுதான் முறை. அடியில் வலை கட்டாயம், இல்லையென்றால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். பத்து மிதவையை ஒன்றாகக் கோத்து நங்கூரம் போடுகிறார்கள். நீர் வற்றும் நேரத்திலும் மிதவை தரை தட்டக் கூடாது. சேறு ஒட்டிய பாசி அழுகிப்போகும்.

45 நாளில் அறுவடை. நல்ல கடலில் ஒரு மிதவைக்கு 200 முதல் 260 கிலோ வரை வரும். அதில் 60 கிலோவை அடுத்த நாற்றுக்கு எடுத்துவிட்டு மீதியைக் காய வைக்க வேண்டும். காய்ந்தால் பத்துக்கு ஒன்று. 240 கிலோ அறுத்தவருக்குக் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 18 கிலோ காய்ந்த பாசிதான். மணலில் நேரடியாகக் காயப்போட்டால் மணல் ஒட்டி விலை குறையும். வலையை விரித்து அல்லது மூங்கில் தட்டியில் போட வேண்டும். காய்கிற பாசியில் மழைத் தண்ணீர் பட்டால் சத்து கரைந்து வெளுத்துப்போகும்.

பயிர் எப்போது கெடுகிறது? கோடையில் தண்ணீர் சூடேறி, காற்றும் நின்று, கடல் தேங்கி நிற்கும் நாட்களில். தண்டு ஓரிடத்தில் வெள்ளையாகி, பஞ்சுபோலாகி, அங்கேயே முறிந்து விழும். ஒரு மிதவையில் கண்டால் அதை உடனே கரைக்கு இழுத்து நோயுள்ள துண்டுகளை எடுத்துவிட வேண்டும். தயங்கினால் கூட்டம் முழுவதும் போய்விடும். ஒரே நாற்றிலிருந்தே வெட்டி வெட்டி வளர்த்ததால் வீரியம் குறைந்ததும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாசி தென்கடலில் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின்மேல் போர்வைபோலப் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மேலே பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் அது பட்டினி கிடந்து சாகும். எனவே அறுந்து மிதக்கும் துண்டுகளைச் சேகரித்துக் கரையில் போடுவது கூடுதல் வேலை அல்ல, தொழிலின் ஒரு பகுதி. பாசி நல்ல வருமானம்தான். ஆனால் பவளம் இருக்கும் பக்கம் அதை அனுமதிக்கவே கூடாது.

நான்காம் நாள்: கீழக்கரை, ஏர்வாடி, தீவுகள்

மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அந்த எண்ணிக்கை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இப்போது நீருக்கு அடியில். தீவுகளில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைக்குப் படகு விடுகிறார்கள். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் நிறுத்திவிடுவார்கள். அதனால் இந்த மாதத்தில் தீவுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்காதீர்கள். தை, மாசியில் தண்ணீர் தெளிந்திருக்கும்.

தீவுகள் மூழ்கியது கடல்மட்டத்தால் மட்டுமல்ல. 1960-களிலிருந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்த பிறகும் அது முழுதாக நிற்கச் சில ஆண்டுகள் ஆயின. பவளத் திட்டுதான் அலையை உடைக்கும் சுவர். சுவரைப் பெயர்த்துவிட்டால் அலை நேராகத் தீவின் மணலைத் தொடும். கிளைப் பவளம் நல்ல நிலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒரு முழ உயர உருண்டைப் பவளத்துக்கு வயது ஒரு மனிதனின் வயது. கடப்பாரையால் அதைப் பெயர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலடியில் இறக்கி அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள். துளை வைத்த சரிவக வடிவம் அது. அலையின் வேகத்தைக் குறைக்கும், துளைகளில் மீனும் தங்கும். பலன் தெரிகிறது. ஆனால் 2016-இன் சூட்டுக்கு இதுவெல்லாம் தடையாகவில்லை. அந்தக் கோடையில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளிறி, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. வெளிறுவது உடனே சாவு அல்ல. பவளத்துக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது; சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் திரும்பிவரும். கச்சான் காற்று சரியான நேரத்தில் வந்து கடலைக் கலக்கினால் பவளம் பிழைக்கும், தாமதித்தால் போகும்.

கீழக்கரையில் சங்குக் கடையில் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது. அந்தக் காலத்து இரண்டேகால் அங்குல வளையம்தான் இந்த அளவு. வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது குட்டி, கடலில் விட்டுவிட வேண்டும். கடலில் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. பெரும்பகுதி வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகிறது. தெருவில் மலிவாக விற்கும் ‘வலம்புரி’ வேறு கடலில் கிடைக்கும் வேறு இனத்து ஓடாக இருக்கும். உள்ளே சுழித்தண்டில் மூன்று நான்கு மடிப்புக் கோடு ஓடினால்தான் அது நம் சங்கு.

ஐந்தாம் நாள்: தூத்துக்குடி உப்பளம்

உப்பளத்துக்கு விடியலுக்கு முன்பே போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் வெள்ளைத் தரையில் வெயில் எதிரொளித்துக் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது. தொழிலாளர்களும் அதனால்தான் இருட்டிலேயே இறங்குகிறார்கள்.

இந்த ஊரில் ஏன் உப்பு? தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கேரளத்தில் கொட்டும் அதே ஆனி, ஆடியில் இங்கே ஈரமில்லாத பலத்த காற்று. தையில் பாத்தி கட்டத் தொடங்கினால் புரட்டாசி வரை விளைச்சல். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்.

கடல்நீர் ஒரு கன மீட்டரில், அதாவது ஆயிரம் லிட்டரில், சமையல் உப்பு சுமார் 27 கிலோ கரைந்திருக்கிறது. கொதிக்க வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். உப்பளத்தின் வேலை ஒவ்வொன்றையும் அதனதன் முறையில் இறக்கி வைப்பது. தண்ணீரின் கனத்தை மிதவைமானியால் பார்த்து ‘டிகிரி’ சொல்கிறார்கள். கடல்நீர் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் வற்ற வற்ற, 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் தரையில் படியத் தொடங்கும். 25-ஐத் தொடும்போது ஜிப்சத்தில் பெரும்பகுதி இறங்கியிருக்கும்; பத்தில் ஒரு பங்குத் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். 23-லேயே அவசரப்பட்டுத் திறந்தால் உப்போடு ஜிப்சமும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் கரகரவென்று வரும்.

25-இலிருந்து 29 வரை படிவது நல்ல உப்பு. 30-ஐத் தாண்டவிடக் கூடாது. மிஞ்சியிருக்கும் தண்ணீரில் மெக்னீசியம் உப்புகள் செறிந்திருக்கும்; அதை வடிக்காமல் விட்டால் உப்பு கசக்கும், காற்றிலிருந்து ஈரம் இழுத்து மூட்டையிலேயே ஒழுகும். வீட்டில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசித் தண்ணீர்தான். முதலாளிகள் சிலர் இன்னும் இரண்டு நாள் விட்டால் எடை கூடுமே என்று பார்ப்பார்கள். கூடுவது எடை, குறைவது தரம்.

பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீரை முதலில் வற்றவைக்க வேண்டும் என்பதால், உப்பு படியும் பாத்தி ஓர் ஏக்கர் என்றால் வற்றவைக்கும் பாத்தி எட்டு, பத்து ஏக்கர் தேவைப்படும். தூத்துக்குடியில் பலர் கடல்நீருக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை எடுக்கிறார்கள். அது ஏற்கெனவே கடலைவிடக் கனமாக இருந்தால் நிலமும் நாளும் மிச்சம். ஆனால் எல்லோரும் இழுக்க இழுக்க நீர்மட்டம் இறங்கி, துளையும் ஆழமாகிக்கொண்டே போகிறது.

பருவம் தொடங்கும்போது கடைசிப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். வெறுங்கால்தான் இதற்குச் சரியான கருவி. குதிகாலுக்குக் கீழே தரை அமுங்குகிறதா என்று தெரியும். இறுகாத தரையில் தண்ணீர் கசிந்து கீழே போகும், வாரும்போது உப்போடு சேறு வரும். வாரும் பலகையைப் பாருங்கள்: நீண்ட கழியின் நுனியில் குறுக்குப் பலகை. தரையைத் தொடாமல், ஒரு மெல்லிய உப்புப் படலத்தை அடியில் விட்டு இழுக்க வேண்டும். அந்தப் படலம்தான் அடுத்த உப்புக்கு மெத்தை. பழகாத கை ஓர் இழுப்பில் அதைக் கிழித்துவிடும். இழுத்து வரப்போரம் குவித்து, தண்ணீர் வடிந்ததும் பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள்.

மழை வந்தால்? பாத்தியில் நாலு விரல் கனத் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் ஒரு விரல் மழை விழுந்தால் 25 டிகிரி இறங்கிவிடும், படிந்த உப்பு மறுபடி கரையும். காற்றில்லாமல் அமைதியாகப் பெய்தால் நன்னீர் மேலே தனி அடுக்காக நிற்கும். உடனே மடையின் மேல்பலகையை எடுத்து மேல்தண்ணீரை மட்டும் வெளியேற்றலாம். தனுஷ்கோடி ஊற்றில் பார்த்த அதே மிதப்பு! காற்றோடு பெய்தால் இரண்டும் கலந்துவிடும், அந்தத் தடவை விளைச்சல் போயிற்று.

இந்தத் தொழிலில் கால் வெடிப்பும் கண் எரிச்சலும் சிறுநீரகக் கோளாறும் கூடவே வருகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை வேலையும் இல்லை. 2022-இல் தமிழக அரசு இந்த மாதங்களுக்கு ஆண்டுக்கு 5000 ரூபாய் உதவித்தொகை தரத் தொடங்கியது. நல்ல தொடக்கம், மூன்று மாதத்துக்கு அது போதாது என்பதைச் சொல்ல ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

ஆறாம் நாள்: கொற்கை, புன்னைக்காயல், தேரிக்காடு

கொற்கையில் நின்றால் வாழைத் தோட்டம்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் நூலில் வரும் பாண்டியர் முத்துத் துறை இதுதான். பொதிகையிலிருந்து தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்க, துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது; அதுவும் தூர்ந்து புன்னைக்காயலுக்கு வந்தது. மூன்று ஊரையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஆறு கடலைத் தள்ளிக்கொண்டு போன தடம் அப்படியே தரையில் இருக்கிறது.

முத்து விளையும் இடத்துக்குப் பார் என்று பெயர். கடலுக்குள் 15 முதல் 20 மீட்டர் ஆழத்தில் தட்டையாகக் கிடக்கும் பாறை. தொள்ளாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. சிப்பிக் குஞ்சு ஒட்டப் பாறை வேண்டும். மணல் நகர்ந்து மூடினால் அந்தப் பருவத்துச் சிப்பி முழுவதும் மூச்சுத்திணறிச் சாகும். அதனால் முத்துக்குளிப்பு எந்தக் காலத்திலும் ஆண்டுதோறும் நடந்ததில்லை. கடைசி வரிசை 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்கள் அந்த அளவுக்கு நிறையவே இல்லை. 1973-இல் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார்.

பிற்பகலில் திருச்செந்தூரைத் தாண்டிக் காயாமொழி வழியாகத் தேரிக்காடு. குங்குமச் சிவப்பு மணல் மேடுகள். ஒரு சிட்டிகை எடுத்து ஈர விரல்களுக்கிடையே தேய்த்தால் சிவப்பு கையில் ஒட்டும். அடியில் இருப்பது சாதாரண வெள்ளைக் குவார்ட்ஸ் மணி. மணலில் கலந்திருந்த இரும்புக் கனிமங்கள் சிதைந்து ஒவ்வொரு மணிக்கும் மெல்லிய சிவப்புப் பூச்சு ஏறியிருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இந்த மணலை மேடாக்கியது. இன்றும் சாலையில் கொண்டுவந்து போடுகிறது. பிற்பகலில் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் வளைவுகளில் கவனம். சிவப்பு மணல் திரை தாரை மூடியிருக்கும், சக்கரம் வழுக்கும்.

மேட்டில் விழும் மழை ஓடுவதில்லை, அப்படியே உள்ளே இறங்கி அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை அப்படிப்பட்டது. பனைக்கும் அந்த ஈரம்தான் ஆதாரம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பதநீர் இறக்கும் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகும். அதிகம் தடவினால் கருப்பட்டி இறுகாது, தொண்டையில் பிடிக்கும்.

ஏழாம் நாள்: முப்பந்தல், மணவாளக்குறிச்சி

நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தலில் காற்றாலைகள். கணவாயில் நெருக்கப்பட்ட கச்சான் இங்கே வேகமெடுக்கிறது. ஆண்டு மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்த நான்கைந்து மாதத்திலேயே எடுத்துவிடுகிறார்கள்.

குமரியின் மேற்குக் கரையில் மணவாளக்குறிச்சி. தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இங்கே இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். கயிற்றுப் பொருள்களில் ஒட்டிவந்த மணல்தான் துப்பு. இப்போது இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை நடக்கிறது. மலையிலிருக்கும் பழம்பாறைகள் சிதைந்து ஆறுகளில் வருகின்றன. மீதி வேலை அலையுடையது. சாதாரண மணலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65. அதோடு கலந்திருக்கும் கனிமங்களில் கார்னெட் 4, இல்மனைட் 4.7, மோனசைட் 5. அலை மேலேறும் வேகத்தில் எல்லாவற்றையும் தூக்கிவரும். இறங்கும்போது லேசான மணலை மட்டும் இழுத்துப்போகும். கச்சான் காலத்துப் பேரலை இதை மாதக்கணக்கில் செய்வதால் கரையில் கறுப்பு அடுக்கு தெரிகிறது.

ஆலையில் பிரிப்பதும் இதே மாதிரி, குணத்துக்குக் குணம். முதலில் திருகுச் சரிவில் தண்ணீரோடு ஓடவிட்டுக் கனத்தைப் பிரிக்கிறார்கள். பிறகு மின்சாரம் கடத்துமா, காந்தத்துக்கு வருமா என்று இரண்டு கேள்வி. இல்மனைட் இரண்டுக்கும் ஆம். ரூட்டைல் கடத்தும், காந்தத்துக்கு வராது. கார்னெட்டும் மோனசைட்டும் கடத்தாது, ஆனால் வலுவான காந்தத்துக்கு வரும். சிர்கான் இரண்டுக்கும் இல்லை. மணல் நன்கு காய்ந்து சூடாக இல்லாவிட்டால் மின்முறைப் பிரிப்பு பொய்த்துவிடும். ஈரப்பூச்சு இருந்தால் எல்லா மணியும் மின்சாரம் கடத்தும். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஒன்பது விழுக்காடு அளவில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம், அதனால்தான் இந்த மணலில் தனியாருக்கு இடமில்லை.

கரை ஊர்களில் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் நிறைய. வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகியிருக்கும். மறுபக்கத்து ஊரில் கடல் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். அங்கே இன்னொரு வளைவு கேட்பார்கள். மணல் ஓடும் பாதையில் எங்கே தடுத்தாலும் அடுத்த ஊர் இழக்கும். ஊர் ஊராக அனுமதி கொடுக்காமல் கரை முழுவதையும் ஒரே கணக்கில் பார்த்தால்தான் இது தீரும்.

காந்தம் கொண்டுவந்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலில் நகர்த்துங்கள். உறை இல்லாவிட்டால் ஒட்டிய மணல் காந்தத்தைவிட்டுப் போகாது. சாதாரண காந்தத்தில் கொஞ்சம்தான் வரும்; நியோடிமியம் காந்தத்தில் இல்மனைட் மீசைபோலத் தொங்கும். ஒரு சிரட்டையில் மணலும் தண்ணீரும் எடுத்துச் சாய்த்துச் சுழற்றினால் வெள்ளை முதலில் வழியும், பிறகு கார்னெட்டின் இளஞ்சிவப்பு, கடைசியில் அடியில் கறுப்பு. பார்த்துவிட்டு மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். கச்சான் ஓய்ந்ததும் லேசான மணல் திரும்பிவந்து மூடிவிடும். மார்கழியில் வருகிறவர்கள் இதே கறுப்பைப் பார்க்க ஒரு முழம் தோண்ட வேண்டியிருக்கும்.